ஒரு சோடி தோடும் ஒரு வாடகை அறையும்

"பிள்ளைகளுக்குச் சேமிக்கிற பழக்கத்தை எப்படி மிஸ் உண்டாக்கினீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். அண்மையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்காகச் சேமிப்புத் திட்டம் தொடங்குகிறார்களாம். பழைய ஆள் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்திருந்தாள். கையிலிருந்த பிரசுரத்தின் அட்டையில் ஒரு சிறுமி உண்டியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சேமிக்கிற பழக்கமா? விசுக்கோத்தில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை நாளைக்கென்று தலையணை உறைக்குள் வைக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தை யார் உண்டாக்க வேண்டும்? "சேமிக்க அவங்களுக்குத் தெரியும். எடுக்கத்தான் நாங்க விடல" என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டு, "எடுக்கிறதுன்னா மிஸ்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் செய்த வேலை, வெளிநாட்டு நிதி நின்றதோடு முடிந்துபோனது. அந்தத் தொழிலுக்கு நான் திரும்பப் போவதில்லை. ஆகவே அது ஓய்வுதான்.

மலையகத்தில் தெமோதரைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். என் அப்பாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். ஒரு மாதப் பயிற்சி தந்தார்கள். அதில் கற்றது கொஞ்சம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு அதை எடுத்துக்கொடுக்க அரசாங்கக் கச்சேரிக்கு நடந்த நடையில் கற்றது அதிகம்.

வேலை இதுதான். மாவட்டத்திலிருந்த சில பெண்பிள்ளை இல்லங்களில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் வங்கிக் கணக்கு ஒன்று உண்டு. இல்லத்துத் தோட்டத்தில் நட்ட லீக்ஸ், கோவா மரக்கறி விற்ற காசு, பொங்கலுக்கு யாராவது தந்த காசு எல்லாம் அதில் விழும். பிள்ளை போடுகிற அளவு நிறுவனமும் போடும். மாதம் ஒரு சனிக்கிழமை நான் வங்கிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் தொகையை அவரவருக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். சின்னதுகள்கூட முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காரும். நல்ல திட்டம் என்று நானும் நம்பினேன்.

பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அப்போது காசை எடுக்கலாம். எடுக்கலாம் என்றால் கையில் வாங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளை விண்ணப்பிக்க வேண்டும். இல்லத்து மேற்பார்வையாளர் சிபாரிசு செய்ய வேண்டும். நான் அறிக்கை எழுத வேண்டும். நிறுவனத்தின் குழு கூடி அனுமதிக்க வேண்டும். அனுமதித்த பிறகு காசோலை எழுதப்படும், பிள்ளையின் பெயருக்கு அல்ல, கடைக்காரரின் பெயருக்கு. பிள்ளையின் கையில் காசு படவே படாது. சுயதொழில், திருமணம் என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டுமே அனுமதி. சுயதொழில் என்றால் எங்கள் குழுவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தையல் மெஷின். தைக்க ஆசைப்பட்ட பிள்ளைக்கும் மெஷின். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத பிள்ளைக்கும் மெஷின்.

இதற்கெல்லாம் தலைவராக இருந்தவர் எங்கள் பணிப்பாளர். யாழ்ப்பாணத்தவர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்று சொல்ல முடியாது. சிறு பிள்ளை அறைக்குள் வந்தாலும் கதிரையை விட்டு எழுந்து நிற்பார். ஒருவரையும் 'நீ' என்றதில்லை. வங்கிப் புத்தகத்தைத் திறந்தால் வரியின் கீழே கோடிழுக்கும் அடிமட்டத்தை வைத்து, பேனா மூடியால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டு வாசிப்பார். பிள்ளைகளின் காசில் ஒரு சதம் பிழைத்தாலும் வங்கிக்கு என்னைத் திருப்பி அனுப்புவார். ஒரு சதம் களவு போனதில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். களவெடுக்கிறவனோடு சண்டை பிடிக்கலாம். நேர்மையானவரோடு எப்படிப் பிடிப்பது?

அவர் இளகிய இடம் ஒன்று உண்டு. இல்லத்துப் பிள்ளைகள் பொன் அணியக் கூடாது. காது தூர்ந்துவிடாமல் தென்னை ஈர்க்குத் துண்டுதான் குத்தியிருப்பார்கள். பாடசாலையில் அந்த ஈர்க்கைப் பார்த்தே இல்லத்துப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிடும் மேற்பார்வையாளர் ஒருமுறை குழுவுக்கு வந்து, "மூளிக் காதோட ஒரு பொம்பளப் புள்ளய வாசலுக்கு வெளிய அனுப்ப எனக்கு மனசு வரலீங்க" என்று அழுதுவிட்டார். பணிப்பாளர் உடனே விதியில் ஒரு வரி சேர்த்தார். வெளியேறும் பிள்ளை விரும்பினால் தன் சேமிப்பிலிருந்து ஒரு சோடி தோடு வாங்கலாம். காசோலை நகைக்கடைக்கு.

இனிக் கோகிலாவின் கதை.

கோகிலா ஆறு வயதில் இல்லத்துக்கு வந்தவள். அம்மா செத்துப்போனாள். அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டார். எல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் சித்தப்பா ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் எட்டிப் பார்த்தது கிடையாது. பதினெட்டு நெருங்கியதும் அடிக்கடி வந்தார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டாராம். புரோக்கரிடம் முற்பணமும் வாங்கிவிட்டார் என்று அவர் வாயாலேயே பெரியம்மாவிடம் உளறியிருக்கிறார்.

கோகிலாவுக்கு வேறு திட்டம். சாதாரணதரம் சித்தியடைந்தவள்; பண்டாரவளையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், போட்டோகொப்பி எடுக்கவும் போன் கோல் எடுத்துக்கொடுக்கவும் வேலை கேட்டு, கிடைத்தும் விட்டது. கடை பூட்டும் நேரத்தில் சித்தப்பாவின் தோட்டத்துக்குப் பஸ் இல்லை. டவுனில் தங்கினால்தான் வேலை. ஸ்டேஷனுக்கு மேலே ஒரு வீட்டின் பின்பக்க அறையைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கார அம்மா மூன்று மாத அட்வான்ஸ் கேட்டார். கோகிலாவின் கணக்கில் அதற்கு மேலேயே இருந்தது.

"என் காசுதானே மிஸ்? அதுல அட்வான்ஸ் கட்டிக்கிறேன்" என்றாள்.

நான் அறிக்கையை இரண்டு முறை எழுதினேன். குழு கூடியபோது நேரில் போனேன்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, அறை வாடகை சுயதொழிலுக்குள்ள வராது."

"வேலைக்குப் போகத்தானே சார் அறை?"

குழுவிலிருந்த இன்னொரு பெரியவருக்கு வாடகை பிரச்சினையாகப் படவில்லை. "குமர்ப்பிள்ளை தனிய அறை எடுத்து இருக்கிறதோ? நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு? கலியாணம் எண்டால் யோசிக்கலாம்."

"கல்யாணம்னா ஒரே கூட்டத்துல குடுத்துடுறீங்க. மாப்பிள்ளை குடிப்பானா அடிப்பானான்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. கல்யாணம் கட்டினாலும் ஒரு அறையிலதானே சார் இருக்கப் போவுது?"

"அங்கை ஒரு ஆம்பிளை இருக்கிறான்."

"அதுதான் பயமே" என்றேன். ஒருவர் இருமினார். "பொறுப்புத்தான் வேணும்னா நான் நிக்கிறேன். நானும் பதுளையில அறை எடுத்துத்தான் இருக்கேன். என் சம்பளத்துல வாடகை கட்டுறேன். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல."

பணிப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான கவலை இருந்தது. "நீர் கலியாணம் முடிக்காத பிள்ளை. நீர் எப்பிடி இன்னொரு பிள்ளைக்குப் பொறுப்பு நிக்கிறது?" என்று மென்மையாகக் கேட்டார். பிறகு அடிமட்டத்தை எடுத்து என் அறிக்கையின் கீழே கோடிழுத்து, 'பரிந்துரை: தையல் மெஷின்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

பிள்ளைகளின் கணக்குகளை வருடக்கணக்காகப் பிழையில்லாமல் பார்த்த நான் பொறுப்பு நிற்கத் தகுதியில்லாதவள். ஆப்பிள் வாங்கி வந்த சித்தப்பா தகுதியானவர்.

கோகிலாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. முட்டைக்கோவாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், தோட்டுக்கு எத்தன பவுன்னு போட்டிருக்கா?"

விதியை எடுத்து வாசித்தேன். 'ஒரு சோடி தோடு' என்றுதான் இருந்தது. எடை இல்லை. ஒரு அநாதைப் பிள்ளை பெரிய தோடு கேட்பாள் என்று அந்தப் பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

"இல்ல" என்றேன்.

"அடகு வைக்கிறதுன்னா யாருகிட்ட கடிதம் வாங்கணும்?"

"யாருகிட்டயும் வேணாம். அடையாள அட்டை இருந்தா போதும்."

கோகிலா மண் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா மிஸ்? உங்க ஆபீஸுக்கு இல்லாத நம்பிக்கை அடகுக்கடைக்காரனுக்கு எம்மேல இருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் லயத்தில் அம்மாவும் அத்தைமாரும் வங்கிப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் ஏன் காதிலும் மூக்கிலும் சேர்த்தார்கள் என்று. அது ஆசையென்றும் அறியாமையென்றும் பயிற்சியில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். எனக்குப் பதுளையில் அறை எடுக்க வேண்டியிருந்தபோது என் அம்மா காலையில் காதுத் தோட்டோடு டவுனுக்குப் போய் மத்தியானத்துக்கு முன் காசோடு திரும்பினாள். ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை.

விண்ணப்பம் எழுதினோம். 'ஒரு சோடி தோடு வாங்க.' குழு மகிழ்ச்சியோடு அனுமதித்தது. தொகை கூடுதலென்று பணிப்பாளர் புருவத்தை உயர்த்தினாலும், மெஷின் வேண்டாமென்று பிள்ளையே விட்டுக்கொடுத்துவிட்டதால் ஒன்றும் சொல்லவில்லை. காசோலையோடு கூடப் போய் ரசீது வாங்குவது என் கடமை. போனேன்.

பண்டாரவளைக் கடையில் நகைக்காரர் சின்னச் சின்னத் தோடுகளாக எடுத்துப் போட்டார். கோகிலா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். வேலைப்பாட்டைப் பார்க்கவே இல்லை.

"இதவிடப் பாரமா இல்லீங்களா?"

"இருக்கு தங்கச்சி. கெழவிமார் போடுறது. ஒன் காது தாங்குமா?"

"இன்னிக்கு ஒரு நாள் தாங்குனா போதும் மொதலாளி."

ஈர்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோட்டை மாட்டிக்கொண்டாள். காது மடல் இழுபட்டது. கண்ணாடியில் தன்னை ஒருமுறை, ஒரே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ரசீதை நான் வாங்கினேன். அதே வீதியில் கொஞ்சம் தள்ளி அடகுக்கடை. நான் வெளியே நின்றேன்; அதற்குள் எனக்கு வேலையில்லை. செய்கூலி போயிற்று. அடகில் பெறுமதியின் ஒரு பகுதிதான் தருவார்கள். மாதா மாதம் வட்டி வேறு. தன் காசைத் தானே தொடுவதற்கு அந்தப் பிள்ளை கட்டிய அபராதம் அது. அதை விதித்தவர்கள் நாங்கள். அன்று மாலை அவள் வீட்டுக்கார அம்மாவின் கையில் அட்வான்ஸைக் கொடுத்தாள். சித்தப்பா இல்லத்துக்கு வந்தபோது பாயில் அவளுடைய பக்கம் காலியாக இருந்தது. பெரியம்மாவோடு சத்தம்போட்டுவிட்டுப் போனாராம்.

வெளியேறிய பிள்ளையை மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. பணிப்பாளர், பெரியம்மா, நான் மூவரும் வேனில் போனோம். ஒரு சன்னல், மண்ணெண்ணெய் அடுப்பு, பாய், ஒரே ஒரு கதிரை. அந்தக் கதிரையைக் கோகிலா பணிப்பாளருக்கு இழுத்துப் போட்டாள். பெண்பிள்ளைகள் நிற்கும்போது அவர் உட்கார மாட்டார். அறையின் நடுவில் குடையோடு நின்றார். கோகிலாவின் காதில் பழையபடி ஈர்க்கு.

"தோட்டைப் பத்திரமாய் வைச்சிருக்கிறீரோ பிள்ளை? காதில காணேல்லை."

"பத்திரமாத்தான் இருக்கு சார். நீங்க நிக்கிற எடந்தான்."

பணிப்பாளர் குனிந்து தரையைப் பார்த்தார். காலைக்கூடக் கொஞ்சம் நகர்த்தினார். பெரியம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அடிப்பாவி மகளே! வித்துட்டியா?"

"விக்கல பெரியம்மா, அடகு. வட்டி கட்டுறேன். மீட்டா மீட்டேன், இல்லாட்டிப் போவட்டும். அதக் காதுல போட்டுக்கிட்டு நான் எங்க போய்ப் படுக்கிறது?"

கோகிலா தந்த தேத்தண்ணீரைப் பணிப்பாளர் நின்றபடியே குடித்து முடித்தார். சன்னலைத் திறந்து பார்த்தார். கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். போகும்போது, "வடிவாய் வைச்சிருக்கிறீர்" என்றார். விதி மாறப்போகிறது என்று நான் நினைத்தேன். திரும்பும் வழியெல்லாம் எனக்குள்ளே ஒரு சந்தோஷம்.

விதி மாறியது. அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் தோட்டின் எடை அரைப் பவுனுக்கு மேற்படக் கூடாது.

சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே அவருடைய அறைக்குப் போனேன். வழக்கம்போல எழுந்து நின்றார்.

"அறை வடிவா இருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"வடிவுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் திட்டத்தின்ரை நோக்கம் அதில்லை."

"நோக்கம் என்னா சார்?"

மேசையிலிருந்த பிரசுரத்தை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்: "பிள்ளைகள் தம் சொந்தக் காலில் நிற்பதற்கு வழிசெய்தல்." அவருடைய முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிரசுரத்தை மடித்து வைத்தார். "கோகிலா கெட்டிக்காரி. எல்லாப் பிள்ளையளும் அப்பிடியில்லை. ஒரு பிள்ளை காசை அழிச்சுப்போட்டு நிண்டால் பதில் சொல்ல வேண்டியது நான்."

"கொழும்புக்குப் போன பிள்ளை திரும்பி வரலைன்னா யாரு சார் பதில் சொல்றது?"

அவர் பேனாவை மூடினார். நான் வெளியே வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்து வெளியேற இருந்தவள் ஜெயந்தி. கோகிலாவைவிட ஒரு வயது இளையவள். சத்தமாகப் பேசத் தெரியாதவள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவாள். பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் பொதி கட்டும் வேலை அவளுக்கும் கிடைக்கும்போல இருந்தது. தங்க இடமில்லை. குழு அவளுக்கு அரைப் பவுன் தோடும் தையல் மெஷினும் அனுமதித்தது. தூரத்து மாமா ஒருவர் திங்கட்கிழமை வந்து பொறுப்பெடுப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

அதற்கு முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் ஜெயந்தியின் அடையாள அட்டையைக் கொடுக்க இல்லத்துக்குப் போயிருந்தேன். கோகிலா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"ஜெயந்தி, பெட்டியக் கட்டு. ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம். வீட்டுக்கார அம்மாகிட்டக் கேட்டுட்டேன்."

பெரியம்மா குறுக்கே வந்தார். "நீ யாருடி இவளக் கூட்டிட்டுப் போக? ஒறவா?"

"ஆமா. பத்து வருசமா ஒரே பாயி."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "பதினெட்டு ஆயிருச்சு. அவளையே கேளுங்க" என்றேன். ஜெயந்தி உள்ளே போனாள். பெட்டியோடு வந்தாள். பெரியம்மா கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, தன்னுடைய கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் போட்டார்.

ஜெயந்திக்கு வாங்கி வைத்திருந்த மெஷினை மூவருமாகத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினோம். கொண்டக்டர் கத்தினார்: "இது ஆளா சாமானா? சீட்டுல வைக்காதீங்க!" கோகிலா அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மிஸ், தோட்டுக்கு எடையக் கொறச்ச மாதிரி மெஷினுக்கும் கொறைப்பாங்களோ? கொறைச்சா நல்லதுதான், தூக்க லேசா இருக்கும்." ஜெயந்தி சிரித்தாள். அவள் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

பண்டாரவளையில் பழைய சாமான் வாங்கும் கடையொன்றுக்குக் கோகிலா எங்களைக் கூட்டிப்போனாள். கடைக்காரர் மெஷினின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இல்லத்து மெஷினா? அதுக்கு ஒரே வெலதான் தங்கச்சி." உள்ளே கையைக் காட்டினார். சுவரோரமாக எங்கள் மெஷின்கள் வரிசையாக இருந்தன. எங்கள் நிறுவனத்தின் ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் உரியாமல் ஒட்டியிருந்தது. சிலவற்றின் சக்கரத்தில் எண்ணெய்க் கடதாசிகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் எந்தப் பிள்ளையுடையதாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்காக மழையில் நனைந்து கச்சேரிக்கு நடந்தவள் நான். அவர்களின் காசை அவர்களின் காதோடு வாசித்தவள் நான். அந்தக் காசு இங்கே பாதி விலைக்குப் படுத்திருந்தது. அந்த மெஷின்களை மாமன்மாரும் புருஷன்மாரும் விற்றிருப்பார்கள். ஜெயந்திதான் தன்னுடையதைத் தானே விற்க வந்தவள்.

கடைக்காரர் லாச்சியைத் திறந்து நோட்டுகளை எடுத்துக் கோகிலாவிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அவகிட்டக் குடுங்க."

ஜெயந்தி இரண்டு கையாலும் வாங்கினாள். நோட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எண்ணிப் பாக்கலாமா மிஸ்?"

கோகிலா முந்திக்கொண்டு சொன்னாள்: "மிஸ்ஸ ஏண்டி கேக்கிற? ஒங் காசுடி."

கடையிலிருந்த ஸ்டூலில் ஜெயந்தி உட்கார்ந்தாள். விரலில் எச்சில் தொட்டு எண்ணத் தொடங்கினாள்.